கதவக்காவின் நாலு ஓட்டை

எங்கள் கம்பெனியில் கதவக்கா என்று சொன்னால் வாசல் காவலர் முதல் மாடியில் இருக்கும் மேனேஜர் வரை எல்லோரும் கை நீட்டி வழி காட்டுவார்கள். இயற்பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்கள். ஒருமுறை கூரியர்காரர் ஒருவர் அப்படித்தான் அக்காவுக்கு வந்த பார்சலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து தன் முகவரியில் பெயருக்குப் பக்கத்திலேயே 'கதவு' என்றும் எழுதச் சொல்லிவிட்டார் அக்கா.

ஒரு வேனின் பின்கதவோடு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றதால் வந்த பெயர் அது. சாதாரணக் கதவு இல்லை. மின்சாரத்தைத் தனக்குள் சேர்த்துவைத்துக்கொண்டு, கேட்டதும் கொடுக்கிற கதவு.

நான் அவருடைய குழுவில் இளநிலைப் பொறியாளர். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். வேலையில் சேர்ந்தபோது அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் அச்சிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அச்சிட்டும் கொடுத்தார்கள். அதைப் பார்த்த அன்றே அக்கா எனக்குப் 'பட்டதாரி' என்று பெயர் வைத்துவிட்டார். "பட்டதாரி, அந்தக் கத்திரிக்கோலைக் கொஞ்சம் எடுங்க" என்பார். கோபம் வராது. சொல்லப்போனால் உள்ளுக்குள் இனிக்கும்.

முதல் முறை ஊருக்குப் போனபோது, மின்சார வண்டிக்குத்தான் பேட்டரி இருக்கிறதே, கதவு எதற்கு என்று அம்மா கேட்டாள். அக்கா எனக்குச் சொன்னதையே நான் அம்மாவிடம் சொன்னேன். "பேட்டரி மாடித் தொட்டி மாதிரிம்மா. நிறைய இருக்கும், ஆனா குழாயில சன்னமாத்தான் வரும். அவசரத்துக்கு வாரி இறைக்க முடியாது. சூப்பர் கெப்பாசிட்டர்னு ஒண்ணு இருக்கு, அது வாளி மாதிரி. கொஞ்சம்தான் பிடிக்கும், ஆனா ஒரே வீச்சுல ஊத்தலாம். வண்டி கிளம்பறப்ப, மேட்டுல ஏறறப்ப அந்த ஒரு வீச்சுதான் வேணும். பிரேக் போட்டா வாளி திரும்ப நிறைஞ்சிடும். அந்த வாளியைத் தனியா வச்சா அதோட எடையையும் வண்டிதானே சுமக்கணும். கதவே வாளியா இருந்துட்டா?"

அம்மா யோசித்தாள். "அப்ப கதவைத் திறக்கறப்ப ஷாக் அடிக்காதா?"

"அடிக்காதும்மா. மேல கரன்ட் கடத்தாத தோல் போட்டிருக்கோம்."

மறுநாள் நான் கடைக்குப் போகிற வழியெல்லாம் தெருக்காரர்கள் நிறுத்தி விசாரித்தார்கள். "கரன்ட் கதவு செய்யறியாமே. தொட்டா அடிக்காதாமே."

அக்கா படித்தது முதலில் டிப்ளமோதான். கண்ணாடி இழைத் துணியில் பிசின் தடவித் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் பொறியியல் முடித்தார். அந்தத் தொழிற்கூடத்துக்கு எதிரே ஒரு வண்டிப் பட்டறை. அதில் மெக்கானிக்காக இருந்தவர்தான் இன்று நான் மாமா என்று கூப்பிடுகிற அவருடைய கணவர். தங்கள் கல்யாணக் கதையை அக்கா சொல்லிக் கேட்க வேண்டும்.

"ஒரு மட்கார்டு உடைஞ்சிடுச்சுன்னு கொண்டுவந்தார். பிசின் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள்ல அதே மட்கார்டு, அதே இடத்துல உடைஞ்சு வருது. சரின்னு திரும்ப ஒட்டினேன். மூணாவது தடவையும் வந்தப்பதான் பொறி தட்டுச்சு. என் ஒட்டு அப்படியெல்லாம் உடையாது தம்பி. இவர் சுத்தியால தட்டிக் கொண்டுவந்திருக்கார்."

மாமா மறுக்கவே மாட்டார். "ரெண்டு தடவைதான் நான் உடைச்சேன். முதல் தடவை நிஜமாவே லாரி இடிச்சது."

பிறகு இருவருமே எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். அக்கா ஆய்வுப் பிரிவில், மாமா வண்டிக் கொட்டகையில். அக்கா செய்வதை மாமா வண்டியில் பொருத்துவார். பொருந்தவில்லை என்றால் யார் அளவு தப்பு என்ற சண்டை கொட்டகையில் தொடங்கி, சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போகும்போதும் தொடரும்.

அக்காவின் ராஜ்ஜியம் உலர் அறை. காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்ட அறை அது. ஏனென்றால் எங்கள் பிசினுக்கு ஈரம் ஜென்மப் பகை. குளித்துத் தலை காயாமல் வந்தால் உள்ளே விடமாட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என் தலையை ஒரு பார்வை பார்ப்பார், நான் திரும்பிப் போய்த் துவட்டிக்கொண்டு வருவேன். அங்கே சிறிது நேரம் வேலை பார்த்தால் உதடு வெடித்துவிடும். அக்கா சிரிப்பை அடக்கத் தெரியாதவர் என்பதால் குழுவிலேயே அதிகம் உதடு வெடித்தவர் அவர்தான். சட்டைப் பையில் எப்போதும் உதட்டுக் களிம்பு இருக்கும். "இந்த மனுஷன் ஜோக் சொன்னா எனக்கு ரத்தம் வருது" என்று மாமாவைக் காட்டிச் சொல்வார்.

அந்த அறையில் நாங்கள் செய்வது ஒரு வகைத் துணி வேலை. கறுப்புக் கரி இழைத் துணி ஒன்று, அதன்மேல் வெள்ளைக் கண்ணாடி இழைத் துணி, திரும்பக் கறுப்பு. இரண்டு கறுப்பும் மின்சாரத்தைப் பிடித்து வைக்கும். நடுவில் இருக்கும் வெள்ளை அவை ஒன்றையொன்று தொட்டுவிடாமல் காவல் நிற்கும். இத்தனையையும் உப்புக் கலந்த பிசினில் ஊறவைத்து அழுத்தி வேகவைத்தால் இறுகிப் பலகையாகிவிடும். சொட்டுத் திரவம் கிடையாது. வழிகிற வேலை இல்லை, வீங்குகிற வேலை இல்லை.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. பிசின் கல் மாதிரி இறுகினால் கதவு உறுதியாக இருக்கும், ஆனால் உப்பு உள்ளே நகராது, மின்சாரம் சேராது. இளகலாக விட்டால் மின்சாரம் நன்றாகச் சேரும், கதவு நனைந்த அட்டை மாதிரித் தொங்கும். அக்காவின் முதல் கதவை மாமா முட்டியால் தட்டிப் பார்த்து, "நல்ல கதவு. ஆனா வெறும் கதவு" என்றாராம். அடுத்த கதவை வண்டியில் மாட்டியதும், "நல்ல கெப்பாசிட்டர். ஆனா கதவு எங்க?" என்றாராம். இப்படித் தோற்ற கதவுகள் கம்பெனி முழுவதும் இருக்கின்றன. ஒன்று டீ வைக்கிற மேசை. ஒன்று காவலர் அறைக்கு முன்னால் வெயில் மறைப்பு. இன்னொன்று அக்கா வீட்டில் மகள் உட்கார்ந்து படிக்கிற மேசைப் பலகை. "எங்க வீட்டு மேசைக்குத் துளி சார்ஜ் ஏறும். ஆனா அதுமேல கணக்குப் போடறவளுக்குத்தான் ஏறமாட்டேங்குது" என்பார்.

கடைசியில் வழி ஒரு தெருவில் கிடைத்தது. வேலை முடிந்து நடந்துபோகும்போது அக்கா சட்டென்று நின்றுவிட்டார். "தம்பி, இந்தத் தெருவைப் பார். வீடெல்லாம் அசையாம நிக்குது. சந்துல மனுஷங்க நடந்துக்கிட்டே இருக்காங்க. வீடும் கெடல, நடையும் நிக்கல." மறுநாளே இரண்டு பிசின்களைக் கலக்க ஆரம்பித்தோம். ஒன்று இறுகிச் சுவராக வேண்டும், இன்னொன்று இளகிச் சந்தாக வேண்டும். சுவரும் சந்தும் விட்டுப்போகாமல் கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட வேண்டும். சூட்டைக் கூட்டி, குறைத்து, திட்டி, கெஞ்சி, ஒரு நாள் அது கைகூடியது. அந்தப் பலகையின்மேல் ஏறி நின்றுகொண்டே அக்கா மீட்டரைப் பார்த்தார். பலகை வளையவில்லை, மீட்டரில் எண்ணும் இறங்கவில்லை. அன்று அவருக்கு உதடு மூன்று இடத்தில் வெடித்தது.

ஆனால் வருஷக்கணக்காக ஒரு அறையையும் ஆட்களையும் பிடித்து வைத்திருந்தால் மேலிடம் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும். மேனேஜர் நல்ல மனிதர், இரண்டு பக்கமும் இடி வாங்குகிறவர். அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"வேன் கம்பெனிக்காரங்க பார்க்க வர்றாங்கம்மா. அவங்க எடுத்துக்கிட்டா நல்லது. இல்லைன்னா அந்த ரூம் பேட்டரி குழுவுக்குப் போயிடும். என் கையில ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் சார்?"

"சரக்கு வரவுல ஒரு இடம் இருக்கு. வர்ற பெட்டியெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கறது. நிம்மதியான வேலை."

அக்கா வெளியே வந்து என்னிடம் சொன்னார். "அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடற வேலையாம் தம்பி. நிம்மதியா இருக்குமாம். எனக்கு எதுக்கு நிம்மதி, நல்லாத்தானே இருக்கேன்."

அதற்குள் பேட்டரி குழுவினர் இருவர் அளவு நாடாவோடு உலர் அறை வாசலில் வந்து நின்றார்கள். "சும்மா பார்க்கத்தான் வந்தோம்க்கா" என்று நெளிந்தார்கள். "நல்லா அளந்துக்கோங்க. நான் நிக்கற இடத்தையும் சேர்த்து அளங்க" என்றார் அக்கா. வாய் சிரித்தது. அன்று உதடு வெடிக்கவில்லை.

வருகை நாளன்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கதவு. அதனுடன் செய்த இன்னொன்றை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகவே உடைத்திருந்தோம். நன்றாகத் தாங்கி, நன்றாகவே உடைந்தது. மிச்சமிருந்ததை முந்தைய நாள் மாலையே மாமாவிடம் ஒப்படைத்துவிட்டார் அக்கா. சுத்தியல் ஆகாது, வெல்டிங் ஆகாது, ஈரத் துணி ஆகாது என்று வழியெல்லாம் ஓதியிருந்தார். பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கு அனுப்புகிறவர் மாதிரி.

காலையில் நாங்கள் கொட்டகைக்குப் போனபோது வேன் பளபளவென்று நின்றது. மாமா வாயெல்லாம் பல்லாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தார், காய்ந்த துணியால்தான். அக்கா கதவைப் பார்க்கவில்லை, கதவுக்குக் கீழே தரையைப் பார்த்தார்.

"இது என்னங்க கறுப்புத் தூள்?"

"எது, அதுவா. நம்பர் பிளேட் மாட்டினேன். பிளேட் இல்லாம ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாதுல்ல. பாரு, ரசமட்டம் வச்சுப் பார்த்தேன். நூல் பிடிச்ச மாதிரி நிக்குது."

"எதுல மாட்டினீங்க?"

"கதவுலதான்."

"எப்படி மாட்டினீங்க?"

"எப்படி மாட்டுவாங்க. நாலு ஓட்டை போட்டு ஸ்க்ரூ..." மாமாவின் குரல் இறங்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, அதுல போடக் கூடாதா?"

ஓட்டை போடாதீர்கள் என்று அக்கா சொல்லவில்லைதான். சாப்பாட்டில் மண்ணைப் போடாதே என்று யாராவது சொல்லி அனுப்புவார்களா? அக்காவுக்கு அது உயிருள்ள பண்டம். மாமாவுக்கோ, இத்தனை கதை கேட்டபிறகும், கையில் ட்ரில்லை எடுத்ததும் அது கதவாகிவிட்டது. கதவு என்றால் நம்பர் பிளேட், நம்பர் பிளேட் என்றால் நாலு ஓட்டை. கையே செய்துவிடுகிற வேலை.

"டேப் போட்டு ஒட்டியிருக்கலாமேங்க" என்றார் அக்கா மெதுவாக.

"டேப்பா. நான் மாட்டின எதுவும் இதுவரைக்கும் ரோட்டுல விழுந்தது இல்லம்மா."

"இதுவும் விழாது. வண்டி வெளிய போனாத்தானே விழறதுக்கு."

நான் மீட்டரை மாட்டிச் சார்ஜ் ஏற்றினேன். எண் ஏறியது. இணைப்பை எடுத்ததும் சரசரவென்று இறங்கிச் சுழியத்தில் உட்கார்ந்துகொண்டது. மாமா முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானம் விருந்தினர் வந்துவிடுவார்கள். புதிய கதவு செய்ய ஒரு வாரமாவது வேண்டும்.

அக்கா ஒரு டயரின்மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அழுவார் என்று பயந்தேன். இரண்டும் நடக்கவில்லை. எழுந்துபோய் பிளேட்டைக் கழற்றி, ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, ஏதாவது வழியுதா?"

"இல்லக்கா."

"ஒண்ணும் வழியல. உள்ள திரவம் இருக்கற சாமானா இருந்திருந்தா இந்நேரம் தரையெல்லாம் ஓடியிருக்கும், நாம மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய நிப்போம். இதுல போனது என்ன, நாலு சட்டைப் பொத்தான் அளவு இடம். மீதிக் கதவு முழுசா இருக்கு. அப்புறம் ஏன் இது செத்த மாதிரி நடிக்குது?"

பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வந்தன. ஓட்டையின் ஓரத்தைப் பார்த்தோம். மாமாவின் ட்ரில் முனை இரும்புக்கு ஆனது, கொஞ்சம் மழுங்கியும் இருந்தது. கறுப்பு இழையை அறுக்காமல் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மயிரிழை மாதிரி அவை வெள்ளை அடுக்கின்மேல் படிந்து, அந்தப் பக்கத்துக் கறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தொடுதல் போதும், சேர்த்ததெல்லாம் அந்த வழியாகவே ஓடிவிடும்.

"நோய் ஓரத்துலதான் இருக்கு" என்றார் அக்கா. குரலில் பழைய துள்ளல் எட்டிப் பார்த்தது. "ஏங்க, கண்ணாடி அறுக்கற வைர முனை வச்சிருந்தீங்களே, எங்க?"

"எதுக்கு?"

"நாலு ஓட்டையையும் பெருசாக்கணும்."

மாமா இரண்டடி பின்னால் போனார். "நான் மாட்டேன்மா. இனிமே அதுல நான் கை வைக்க மாட்டேன்."

"வைக்கக் கூடாதப்ப வச்சீங்க. வைங்கன்னு கெஞ்சறப்ப மாட்டேங்கறீங்க. உங்களை நான் என்னதான் செய்யறது?"

மாமா வைர முனையை மாட்டினார். நான் தூசி உறிஞ்சும் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டேன். "அழுத்தாதீங்க. அதுவா இறங்கட்டும். அவசரப்படாதீங்க, உங்க மட்கார்டு இல்ல இது" என்று அக்கா காதருகே சொல்லிக்கொண்டே இருந்தார். மாமாவின் நெற்றி வேர்வை கதவில் சொட்டிவிடாமல் இன்னொரு கையால் அக்காவே துடைத்தார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"ஓட்டையைப் பெருசாக்கறோம் சார்."

மேனேஜர் அக்கா எழுந்த டயரைத் தேடிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாலையும் அறுத்து முடித்து, ஓரங்களைத் துடைத்து, உப்புக் கலக்காத வெறும் பிசினைப் பூசி, சூடான காற்றை ஊதும் கருவியால் உலர்த்தினோம். மீட்டரை மாட்டினேன். எண் ஏறியது. இணைப்பை எடுத்தேன். இறங்கியது, ஆனால் மெதுவாக, தயங்கித் தயங்கி.

"மூணு சரியாயிடுச்சு, ஒண்ணு இன்னும் கசியுது" என்றார் அக்கா. டார்ச்சோடு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேல் வலது மூலை ஓட்டையில், பிசினுக்கு அடியில் ஒரே ஓர் இழை கிடந்தது. அந்தப் பிசினைச் சுரண்டி, புருவம் திருத்தும் இடுக்கியால் அந்த இழையைப் பிடித்து இழுத்தார். பிறகு திரும்பப் பூசினார். அடுத்த முறை எண் ஏறியது, நின்றது. பழைய எண்ணுக்கு ஒரு நூலிழை குறைவு, அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை. மாமா மட்டும் தரையில் உட்கார்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"பிளேட்டை மாட்டினா ஓட்டை மறைஞ்சிடும்" என்றார் மேனேஜர், உயிர் வந்தவராக. "நாமளா எதுவும் சொல்ல வேண்டாம்."

அக்கா பிளேட்டை எடுத்து மாமாவிடம் நீட்டினார்; அவர் கொஞ்சம் பெரிய ஸ்க்ரூ போட்டு அதை மாட்டினார்.

வேன் கம்பெனியிலிருந்து வந்தவர் அவர்களுடைய தலைமைப் பொறியாளர். குள்ளமான அம்மா, கான்வாஸ் ஷூ, சட்டைப் பையில் தன் சொந்த டார்ச். எங்கள் மேனேஜர் நீட்டிய பூங்கொத்தை வாங்கி, பார்க்காமலேயே டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, நேரே வேனுக்கு அடியில் குனிந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாலத்து மேட்டுக்குப் போனோம். மாமா ஓட்ட, அந்த அம்மா முன்னால் உட்கார்ந்தார். அக்காவும் நானும் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே. என் மடியில் இருந்த கணினித் திரையில், எது எவ்வளவு கொடுக்கிறது என்று காட்ட இரண்டு கோடுகள், நீலம் பேட்டரி, பச்சை கதவு. மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி மாமா ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. நீலக் கோடு, யாரோ வேறு வண்டியில் போவது மாதிரி அலட்டிக்கொள்ளாமல் படுத்தே கிடந்தது. அந்தக் கதவில் இருக்கும் மின்சாரத்தை மட்டும் நம்பினால் வேன் அடுத்த தெருமுனையைக்கூடத் தாண்டாது, உண்மைதான். ஆனால் அந்த முதல் உந்து, பேட்டரி பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டிய அந்த உந்து, முழுக்கக் கதவினுடையது. இறக்கத்தில் பிரேக் போட்டதும் கதவு திரும்ப நிறைந்தது. அக்கா ஒரு மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திரும்பி வந்ததும் அந்த அம்மா கதவைத் தட்டினார், தொங்கிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"எல்லாம் நல்லா இருக்கு. இந்த மாதிரி நல்லா இருக்கற சாமான் நான் நிறைய பார்த்துட்டேன். எங்க போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு, தொடாதீங்கன்னு சொல்றாங்க. எங்க தொழிற்சாலையில கதவுன்னா பூட்டுக்கு ஓட்டை, கண்ணாடித் துடைப்பானுக்கு ஓட்டை, பிளேட்டுக்கு ஓட்டை. ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு இடத்துல. இதுல ஓட்டை போட்டா என்ன ஆகும்?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "மேடம், அதுக்கு எதிர்காலத்துல ஒரு ஆய்வு..."

அக்கா கருவிப் பெட்டியிலிருந்து திருப்புளியை எடுத்தார். யாரும் தடுப்பதற்குள் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி, நம்பர் பிளேட்டை மாமா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

அந்த அம்மா குனிந்து நாலு ஓட்டையையும் பார்த்தார். "இதோடவா மேட்டுல ஏறினோம்?"

"ஆமா மேடம்."

"எப்ப போட்டது?"

"இன்னிக்குக் காலையில."

"யார் போட்டது?"

"நான்தாங்க" என்றார் மாமா, பிளேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. "வேணும்னு போடல."

"தப்பாத்தான் போட்டார் மேடம்" என்றார் அக்கா. "கதவு செத்துடுச்சு. அப்புறம் ஏன் செத்துச்சுன்னு பார்த்து, சரியா போட்டோம். மழுங்கின முனையில போட்டா சாகும். சுத்தமா அறுத்து ஓரத்தை மூடினா பிழைச்சுக்கும். காலையில வரைக்கும் எனக்கும் இது தெரியாது."

அந்த அம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கதவின் நடுவில், பிளேட்டுக்கு வெகு மேலே, ஒரு புள்ளி வைத்தார். "துடைப்பான் இங்கதான் வரும். என் கண் முன்னாடி போடுங்க."

தப்பிப் பிழைத்த ஒரே கதவு. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு வினாடி கண்ணை மூடித் திறந்தார்.

"போடுங்க. நீங்கதான் போடணும்."

கதவில் இருந்த மின்சாரத்தைக் காலி செய்தோம். நான் குழாயைப் பிடித்தேன். மாமா புள்ளியில் வைர முனையை வைத்தார். முனை முனகிக்கொண்டே இறங்கியது. அக்கா இந்த முறை மாமாவின் சட்டை விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். வட்டமான ஒரு துண்டு கழன்று மாமா உள்ளங்கையில் விழுந்தது. கறுப்பு, வெள்ளை, கறுப்பு, ஓரம் கண்ணாடி மாதிரி. பிசின் பூசினோம், உலர்த்தினோம். அது உலரும் வரை எல்லோரும் டீ குடித்தோம் என்று எழுத ஆசைதான், டீ அப்படியே ஆறிப்போனது.

மீட்டரை மாட்டிய பிறகு இணைப்பை எடுத்தது அந்த அம்மாவே. எண் நின்றது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். எண்ணும் நின்றுகொண்டே இருந்தது. மேனேஜர்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார்.

"இருபது கதவு செஞ்சு குடுங்க" என்றார் அந்த அம்மா. "ஓட்டை எங்கெங்கன்னு நாங்க வரைஞ்சு அனுப்பறோம். வண்டியில மாட்டி ஓட்டிப் பார்க்கணும். அப்புறம் பக்கக் கதவு, அப்புறம் கூரை." மாமாவின் பக்கம் திரும்பினார். "ஓட்டை போடறவர் இவரே இருக்கட்டும்."

"அவர்கிட்ட மட்டும் அதைச் சொல்லாதீங்க மேடம்" என்றார் அக்கா. "இனிமே வீட்டுல அவரைக் கையில பிடிக்க முடியாது."

"அன்னிக்கு மட்கார்டை உடைச்சேன், நீ கிடைச்ச. இன்னிக்குக் கதவுல ஓட்டை போட்டேன், இருபது கதவு கிடைச்சிருக்கு" என்றார் மாமா. "நான் எதையாவது கெடுத்தாத்தான் இந்தக் குடும்பம் முன்னேறுது."

அக்கா சிரித்த சிரிப்பில் பேட்டரி குழுவினர்கூட என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். உதட்டைத் துடைத்துக்கொண்டே அவர் அடுத்த வேலையை என்னிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எத்தனை சுருள் துணி, எந்தப் பிசின், கூரை அளவுக்கு அழுத்துகிற இயந்திரம் எங்கே கிடைக்கும்.

விருந்தினரை வழியனுப்பிவிட்டு மேனேஜர் வேகவேகமாகத் திரும்பி வந்தார். இப்படி அவர் நடந்து நான் பார்த்ததில்லை. "பேசிட்டேன்மா. மேலயே பேசிட்டேன். உலர் அறை உங்களுக்குத்தான். இனிமே யாரும் அதைக் கேட்க மாட்டாங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இருபது கதவு சார். அப்புறம் கூரை. அந்த ரூம் எனக்கு எப்படிப் பத்தும்?"